ஆறாம் வரிசையில் பிந்தி வந்த சத்தம்

இது நடந்தது. நம்புங்கள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. கதை வாசித்துச் சாப்பிடுகிறவள் நான். பதினோரு வருடமாக ஒரு சுருட்டுத் தொழிற்சாலையின் கூடத்தில் மேடை மேல் உட்கார்ந்து, எண்பத்து நான்கு பேருக்கு வாசிக்கிறேன். எது கட்டுக்கதை, எது நிஜம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கட்டுக்கதையை நானே கட்டியும் இருக்கிறேன். அந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

நேரங்களில் பிசகு இருக்காது. என் மேடைக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. வாசிக்கிறவள் கண் நிமிடத்துக்கு ஒரு தடவை அதில் போய் விழும். மற்ற விஷயத்தில் சந்தேகம் வந்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். கியூபாவின் மேற்குக் கோடி. புகையிலை வாசனை பிடித்துக்கொண்டே நடந்தால் கூடம் வந்துவிடும். அங்கே யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சுருட்டு சுற்றுகிறவர்களுக்குக் கைக்குத்தான் வேலை. காது சும்மா கிடக்கும். அந்தக் காதுக்குத் தீனி போடுவதுதான் என் உத்தியோகம். காலை எட்டரைக்குப் பத்திரிகை. மதியச் சாப்பாடு முடிந்து 1:45க்குக் கதை. என்ன வாசிப்பது என்று அவர்கள்தான் கை தூக்கி முடிவு செய்வார்கள். யார் வாசிப்பது என்பதும் அப்படித்தான். வருடத்துக்கு ஒரு தடவை, மார்ச் கடைசியில், வாசிப்பவளுக்கும் வாக்கெடுப்பு உண்டு. அந்த வருடம் எனக்கு எதிராக ஒரு பெண் நிற்கப் போவதாகப் பேச்சு. நகரத்தில் படித்தவள், தேன் குரல் என்றார்கள்.

கதை பிடித்திருந்தால் கை தட்டுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் இலை வெட்ட ஒரு பிறைக்கத்தி இருக்கும். நான் வாசித்து முடித்ததும் முதல் வரிசையில் இருக்கும் எவெலியோ கத்தியை மேலே தூக்குவார். எல்லோரும் தூக்குவார்கள். பிறகு எண்பத்து நான்கு கத்தியும் ஒரே சமயத்தில் பலகையில் இறங்கும். ஒரே ஒரு தட்டு.

டக்.

அதைக் கேட்டவளுக்கு வேறு சம்பளம் வேண்டாம். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அதையும் நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

ஆறாம் வரிசையில் மூன்றாவது ஆள் என் தங்கை மிரெலிஸ். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அம்மா போனபோது அவளுக்கு வயது ஏழு. தலை பின்னிவிட்டதும் நான்தான், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் நான்தான். என் புருஷன் கடல் தாண்டிப் போனவன், போனவன்தான். ஆக, எனக்கென்று இருந்தது அவள் ஒருத்தி.

பிப்ரவரி 8, வெள்ளிக்கிழமை. அடுத்து என்ன வாசிப்பது என்று கேட்டேன். 67 பேர் கை தூக்கியது ஒரே விஷயத்துக்கு. அமானுஷ்யக் கதை.

எப்போதும் அதைத்தான் கேட்பார்கள். காதல் கதை வாசித்தால் கண் கலங்கும், கை நின்றுவிடும். துப்பறியும் கதை வாசித்தால் பாதியிலேயே கொலைகாரன் யாரென்று சண்டை வரும். இந்தக் கதைகளுக்கு மட்டும் கை அது பாட்டுக்கு ஓடும், மூச்சு மட்டும் அடங்கும். ரத்தம் வேண்டாம், கோரைப்பல் வேண்டாம். ஒரு சாதாரண வீடு, ஒரு சாதாரண அடுக்களை, யாரோ காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் சரியில்லை. கதையில் இருக்கிற யாரும் அதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. ஏன் என்று கடைசிவரை சொல்வதும் இல்லை. கேட்டவன் வீட்டுக்குப் போய்த் தன் அடுக்களையை ஒரு தரம் எட்டிப் பார்ப்பான். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அந்த நிம்மதிக்குத்தான் இத்தனை ஆசையும். உங்களுக்கும் அதுதானே. இல்லாவிட்டால் இதை ஏன் படிக்கிறீர்கள்?

சிக்கல் என்னவென்றால், கைவசம் கதை இல்லை. மெக்சிகோக்காரர்கள் எழுதியது, அர்ஜென்டினாக்காரர்கள் எழுதியது, எங்கள் ஆட்கள் எழுதியது எல்லாம் வாசித்தாகிவிட்டது. சிலதை மூன்று தடவை. நூலகத்தில் புதுப் புத்தகம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாக்கெடுப்போ அடுத்த மாதம்.

நானே எழுதினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடுக்களை மேசையில் உட்கார்ந்தேன். மிரெலிஸ் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. பக்கத்தில் யாரோ சொல்லச் சொல்ல எழுதுவது போல வந்தது. மத்தியானத்துக்குள் நான்கு நாளைக்கு வேண்டியது தயார். கடைசி நாளுக்கானது மட்டும் வரவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பழைய அர்ஜென்டினாப் பத்திரிகை ஒன்றில் கிடைத்த கதை என்று கூடத்தில் சொல்லிவிட்டால் போயிற்று.

கதை இதுதான். எங்கள் கூடம் மாதிரி ஒரு கூடம். அதில் சுருட்டு சுற்றுகிற ஒருத்தி செத்துப்போய்விட்டாள். அது அவளுக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. தினமும் வேலைக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். ஒரே ஒரு வித்தியாசம். எல்லோரும் சேர்ந்து கத்தியைத் தட்டும்போது, அவளுடைய சத்தம் மட்டும் கொஞ்சம் பிந்திக் கேட்கும்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 11, திங்கள். மணி 2:15க்கு முதல் பகுதி முடிந்தது. எவெலியோ கத்தியைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள்.

டக்.

ஒரு மூச்சு விடும் நேரம்.

...டக்.

கூடமே சிரித்தது. ஆறாம் வரிசையில், மிரெலிஸுக்கு அடுத்து உட்காரும் நிவால்தோவின் தலையில் யாரோ ஒரு புகையிலைக் காம்பை விட்டெறிந்தார்கள். கூடத்துக் குரங்கு அவன். இந்த மாதிரிச் சேட்டை அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"நான் இல்லப்பா. நம்ம கோவேறு கழுதை மேல சத்தியமா நான் இல்ல" என்றான்.

"உன்கிட்ட ஏதுடா கோவேறு கழுதை?"

"அதான் சத்தியம் பண்றேன்."

எனக்குச் சந்தோஷம். கதையோடு விளையாடுகிறார்கள் என்றால் கதை பிடித்துவிட்டது என்று அர்த்தம். தேன் குரல்காரி போய்த் தேனீ வளர்க்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய். 2:14. டக். நான் கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

டக்.

சிரித்தார்கள். ஆனால் நேற்றைய சிரிப்பு இல்லை. நிவால்தோ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அவன் கத்தி பலகையில் கிடந்தது. பக்கத்தில் மிரெலிஸ் குனிந்து ஒரு சுருட்டுக்கு மேலிலை சுற்றிக்கொண்டிருந்தாள்.

புதன். அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆறாம் வரிசையைப் பார்த்தேன்.

எவெலியோ தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். மிரெலிஸும் தூக்கினாள். எல்லாக் கையும் இறங்கியது. அவள் கையும் இறங்கியது. அதே சமயத்தில்தான் இறங்கியது. கத்தி பலகையில் பட்டதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கைக்குட்டையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். அடுத்த இலையை எடுத்தாள்.

அப்போதுதான் கேட்டது.

டக்.

ஏழு விநாடி.

தூரத்துக் கரையில் துணி துவைக்கிறவளைப் பார்த்திருப்பீர்கள். கை முதலில் இறங்கும், சத்தம் பிறகு வரும். அவள் தூரத்தில் இருக்கிறாள், அதனால் பிந்துகிறது. என் தங்கை என்னிடமிருந்து முப்பதடி தூரத்தில் இருந்தாள்.

சாயங்காலம் 5:40. வீட்டில் அவள் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். சத்தம் இல்லை. மூடியைப் போட்டாள். சத்தம் இல்லை. அவள் கை கழுவப் போன பிறகு, காலி அடுப்படியில் பாத்திரம் 'ணங்' என்றது. பிறகு மூடி.

"மிரெலிஸ், உனக்குக் காது சரியா கேக்குதா?" என்றேன்.

அவள் திரும்பினாள். உதடு அசைந்தது. நின்றது. பிரேசில் தொடர்களை டிவியில் எங்கள் மொழியில் பேசவைத்துப் போடுவார்களே, அதில் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும், அப்படி. சும்மா நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் குரல் வந்தது.

"எனக்கு நல்லாத்தான் கேக்குதுக்கா. நீங்கதான் எல்லாரும் இப்பல்லாம் ரொம்ப மெதுவா பதில் சொல்றீங்க."

அன்றைக்கு அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். சின்ன வயதில் படுத்த மாதிரி, அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு.

வியாழன். கதையை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். 1:45க்குக் காலையில் வாசித்த பத்திரிகையையே மறுபடி விரித்தேன். மழைச் செய்தி. சர்க்கரை ஆலைச் செய்தி.

ஒரு கத்தி தரையில் விழுந்தது.

பிறகு இன்னொன்று. பிறகு நான்கைந்து சேர்ந்தாற்போல். நான் குனிந்த தலை நிமிரவில்லை. எவெலியோ எழுந்து நின்றார். எழுபத்தொரு வயது. அந்தக் கூடத்தில் அவர் பேசினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

"நெரெய்தா, கதைய பாதில விடாதம்மா."

"உடம்பு சரியில்ல பெரியவரே. நாளைக்குப் பாக்கலாம்."

"சரியில்லன்னா ஆரம்பிச்சிருக்கக் கூடாது. பாதிக் கதை ஆள் தேடும்னு உனக்குத் தெரியாதா? உனக்கு முன்னாடி இருந்தவரு ஒரு தீப்பிடிக்கிற கதைய பாதில நிறுத்திட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. அந்த வாரமே நாலாம் வரிசை பத்திக்கிச்சு."

"எவனாவது சுருட்ட அணைக்காம வெச்சிருப்பான்" என்றான் நிவால்தோ. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

பாதிக் கதை ஆள் தேடும். எங்கள் கூடத்தில் இது சுவரில் எழுதாத சட்டம். வாசிப்பவள் மேடை ஏறும் முதல் நாளே யாராவது காதில் போட்டுவிடுவார்கள். காலியாக நிற்கிற கதை, உட்கார வைக்க ஒரு ஆளைத் தேடுமாம். முடித்துவிட்டால் விட்டுவிடுமாம். நானும் பதினோரு வருடத்தில் ஒரு கதையைப் பாதியில் விட்டதில்லை. அன்றைக்கு அந்தச் சட்டம் எனக்குப் பிடிகொம்பு மாதிரித் தெரிந்தது. முடித்துவிட்டால் விட்டுவிடும். முடிவை எழுத வேண்டியவள் நான்தானே. நல்ல முடிவாக எழுதிவிட்டால்?

நான்காம் பகுதியை வாசித்தேன். 2:24. டக்.

பத்தொன்பது விநாடி.

அந்தப் பத்தொன்பது விநாடியும் எண்பத்து நான்கு பேரில் ஒருவர்கூட அசையவில்லை. வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தது.

2:30க்குத் தண்ணீர்த் தொட்டி பக்கம் நிவால்தோ என்னிடம் வந்தான்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே?"

"என்ன?"

"என் பக்கத்து இடத்துலேருந்துதான் வருது. கத்தி சும்மா கெடக்குதுக்கா. சும்மா கெடக்குற கத்தி சத்தம் போடுது."

"யாருகிட்டயும் சொல்லாத."

"நான் சொல்ல வேற வேணுமா? எல்லாருக்கும் காது இருக்கு."

சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவினாள், நான் துடைத்தேன். சொல்லிவிடலாம் என்று பட்டது.

"அந்தக் கதைய நான்தான் எழுதுனேன் மிரெலிஸ். பத்திரிகையாவது ஒண்ணாவது. நாளைக்கு முடிச்சிடறேன். கடைசில அவ நல்லாயிடுவா."

அவள் உதடு அசைந்தது. சின்னதாக ஏதோ. பிறகு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையை உதறினாள். ஜன்னலைச் சாத்தினாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பது. நாற்பத்தொன்று.

"எனக்குத் தெரியும்க்கா. மொத நாளே தெரியும்."

அவள் அப்போது அடுக்களையிலேயே இல்லை.

"நாளைக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று அறைக்குப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்குச் சத்தம் வேண்டியதில்லை. அதனால் அது உடனே வந்தது. அவள் தூங்கிய பிறகு கடைசிப் பகுதியை எழுதினேன். என் ஆயுளில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. கதையில் வருகிறவளின் கத்தி மற்ற எல்லோருடைய கத்தியோடும் ஒரே சமயத்தில் விழுகிறது. அவள் எழுந்து, வெயிலில், தன் வீட்டுக்கு நடந்து போகிறாள்.

பிப்ரவரி 15, வெள்ளி.

காலை 7:05. அவள் தலை வாரினாள். சீப்பை மேசையில் வைத்தாள். வாசல் கதவின் கொக்கியை எடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு என் கூடவே தெருவில் நடந்தாள்.

எதற்கும் சத்தம் இல்லை. காத்துக் காத்துப் பார்த்தேன். வரவேயில்லை.

வழியெல்லாம் என் செருப்புச் சத்தம் மட்டும்.

1:45. வாசிக்க ஆரம்பித்தேன். கூடத்தில் இலை உரசும் சத்தம்கூட இல்லை. கை ஓடவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, சத்தமில்லாமல் இலை வெட்டிக்கொண்டிருந்த மிரெலிஸின் கை தவிர, எல்லாக் கையும் நின்றிருந்தது.

2:04. மிரெலிஸ் தலையைத் தூக்கினாள்.

என்னைப் பார்த்தாள். வாய் திறந்தாள். ஏதோ சொன்னாள். நீளமாக... இரண்டு வாக்கியம் இருக்கும். கண்ணில் தண்ணீர் நின்றது.

சத்தம் இல்லை.

கையால் சைகை காட்டினேன். பொறு, ஆயிற்று, முடியப் போகிறது. சிரிக்கவும் செய்தேன். கடவுளே, நான் சிரித்தேன்.

வேகமாக வாசித்தேன்.

2:13. முடிந்தது.

எவெலியோ கத்தியைத் தூக்கினார்.

டக்.

ஐந்து விநாடி. பத்து. இருபது.

ஒன்றும் இல்லை.

நாற்பது. அறுபது.

ஒன்றும் இல்லை.

முதலில் பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு சிரிப்பு. நிஜமான சிரிப்பு. எவெலியோ திரும்பிப் பார்த்து எல்லோருக்கும் தலையாட்டினார். இரண்டாவது தடவையும் கத்தியைத் தட்டினார்கள், மூன்றாவது தடவையும் தட்டினார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிந்தி வரும் சத்தம் இல்லை. விட்டுவிட்டது. என் தங்கையை நான் மீட்டுவிட்டேன். வாக்கெடுப்பு, தேன் குரல், எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவள் ஒருத்தி போதும்.

ஆறாம் வரிசையைப் பார்த்தேன்.

நிவால்தோ எழுந்து நின்றிருந்தான். சிரிக்கவில்லை.

மிரெலிஸின் கத்தி பலகையில் இருந்தது. அவள் கை அதன் மேல் இருந்தது.

அந்தக் கை உயரவே இல்லை.

உட்கார்ந்த நிலையிலேயே போயிருந்தாள். கண் என் மேடையைப் பார்த்தபடி. இதயம் என்றார் டாக்டர். முப்பத்தாறு வயதில் இதயமா என்றேன். வரும் என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். மறுநாள் காலை அடக்கம் செய்தோம். அவள் தலைமாட்டில் கத்தியை வைத்தது எவெலியோ. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பாதியில் விடாதே என்று சொன்னவர் அவர், விடாதவள் நான். இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு. வீட்டில் நான் மட்டும். மாலை 6:20. அவள் அறையில் சீப்பை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

20, புதன். மத்தியானம் 12:10. வாசல் கொக்கி. நான் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கொக்கி அசையவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

எனக்குப் பிடிபட்டது. வெள்ளிக்கிழமைச் சத்தங்கள். அன்றைக்கு வராதவை, இப்போது ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல் வந்துகொண்டிருந்தன. சீப்பு. கொக்கி. அடுத்தது செருப்பு.

24ஆம் தேதி ஒன்பதாம் நாள் ஜெபம். எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் தயங்கி நின்றாள். இதால்மிஸ், எங்கள் பேட்டை மருத்துவ நிலையத்து நர்ஸ்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. அப்பவே சொல்லியிருக்கணும். மிரெலிஸ் எங்ககிட்ட வந்தா. ஏழாம் தேதி, வியாழக்கெழம."

நான் கதை எழுதியது ஒன்பதாம் தேதி.

"நெஞ்சுல குழாய வெச்சுப் பாத்தேன். துடிப்பே இல்ல. குழாய்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கட்டில்லேருந்து எறங்கிப் போயி சட்டைய மாட்டிட்டு நிக்கறா, அப்பறம்தான் என் காதுல அது அடிக்குது. டாக்டர்கிட்ட காட்டலாம், அக்காவக் கூட்டிட்டு வான்னேன். வேணாம்னு கையப் பிடிச்சுக்கிட்டா."

"ஏன்?"

இதால்மிஸ் தரையைப் பார்த்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க, அவ இத கதையாக்கி வாசிச்சிடுவான்னு சொன்னா."

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் உட்கார்ந்தேன், தானாக வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

26ஆம் தேதி காலை 9:30, ரொட்டிக் கடைத் திருப்பத்தில் அவள் செருப்புச் சத்தம். என் செருப்புக்குப் பக்கத்தில். நான் நின்றேன், அது நிற்கவில்லை. கூடத்தின் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

மார்ச் 4, திங்கள், 10:40. ஆறாம் வரிசையில் நாற்காலி இழுபட்டது. நிவால்தோ தன் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு ஒன்பதாம் வரிசைக்குப் போய்விட்டான். மறுநாளிலிருந்து நாள் முழுக்க இலை வெட்டும் சத்தம். அந்த வெட்டு எனக்குத் தெரியும். நான்தான் அவளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

இனி என்ன பாக்கி என்று எனக்குத் தெரிந்தது. 2:04.

அவள் கடைசியாகச் சொன்னது பாக்கி.

அதற்காகக் காத்திருந்தேன். பயமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது. அவள் குரலை இன்னொரு தடவை கேட்கலாம். ஒருவேளை வலியென்று சொல்லியிருப்பாள். ஒருவேளை என்னை மன்னித்திருப்பாள். மதியம் என்ன வாசிப்பது என்று கை தூக்கச் சொன்னபோது, நம்புவீர்களோ மாட்டீர்களோ, 71 கை அமானுஷ்யக் கதைக்கு. போன தடவையைவிட நான்கு அதிகம். நான் தலையாட்டிவிட்டு விவசாயத் துறையின் தேனீ வளர்ப்புக் கையேட்டை எடுத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் கத்தியைப் போடவில்லை.

மார்ச் 11, திங்கள். கூட்டில் ராணித் தேனீயை எப்படி அடையாளம் காண்பது என்று வாசித்துக்கொண்டிருந்தேன். இலை வெட்டும் சத்தம் நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன்.

2:04.

நான் வாய் மூடினேன். எண்பத்து மூன்று பேரும் கையை நிறுத்தினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் வரிசையில், காலி நாற்காலியிலிருந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, என் தங்கை பேசினாள்.

"முடிக்காதக்கா. எழுந்து வா, வீட்டுக்குப் போயிடலாம்."

அதற்குப் பிறகு அவளிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. வருவதற்கு அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.